அச்சில் ஏறாத திருத்தம்

வீட்டில் அவனுக்குச் சின்னு என்று பெயர். ஆபீஸில் யாருக்கும் அது தெரியாது. தெரியாதபடி அவன் பார்த்துக்கொண்டான். பஸ் நிறுவனம் ஒன்றுக்கு டிக்கெட் மென்பொருள் நடத்தித் தரும் கம்பெனியில், சர்வர்களைக் கவனிக்கும் சிறிய குழுவில் அவனுக்கு வேலை. அவனுடைய அப்பா அதே பஸ் நிறுவனத்தின் பணிமனையில் வண்டி கழுவி, முழங்கால் தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தவர். அக்கா பெரிய பஸ் நிலையத்தின் மேற்கு வாசலில் டிக்கெட் கவுண்ட்டரில் இருப்பவள். இதுவும் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

அக்கா இதற்கு நேர்மாறு. டிரைவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சில்லறை கேட்டு வருகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்திருந்தாள்.

"டிக்கெட்டைக் காட்டினா இந்த கேட்டு திறக்குது பாருங்க, இது என் தம்பி பேச்சைக் கேட்டுத்தான் திறக்குது. எங்க வீட்டுல முதல் பட்டதாரி. கம்ப்யூட்டர்."

"நம்ம பேச்சை உன் தம்பி கேட்பானா?"

"அவன் என் பேச்சையே கேட்க மாட்டான். உங்க பேச்சுக்கு எங்க போவேன்!"

கவுண்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அவள் சிரிக்கும் சிரிப்பு வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்.

அந்த வருஷம் சர்வர்களின் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் புது வெர்ஷன் வந்தது. அதில் என்னென்ன புதுசு என்று படித்து எல்லோருக்கும் விளக்கும் பொறுப்பைக் குழுத் தலைவி அவனிடம் கொடுத்தார். அதிகம் பேசாத, பேசினால் வேலையை மட்டும் பேசுகிற பெண்மணி. அவர் தன்னைத் தேர்ந்தெடுத்தது அவனுக்குப் பெருமையாக இருந்தது. அவனுக்குப் படிக்கத் தெரியும். படித்ததை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரியும். பட்டமே அப்படித்தான் வாங்கினான். அதில் தனக்குப் புரிந்தது எவ்வளவு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் கல்லூரி முதல் நாளிலிருந்து அவனுக்கிருந்த பயம்.

விளக்கக் கூட்டம் நன்றாகவே போனது.

"இதுவரைக்கும் ஒவ்வொரு சர்வரும் ஒரு வாடகை வீடு மாதிரி. இருந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு ஆணி அடிச்சு வெச்சிருப்பாங்க. எந்த ஆணி எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. புது வெர்ஷன்ல ஆணியே கிடையாது. நாம ஒரு அச்சு செய்யறோம். கிளவுட்ல இருக்கற எல்லா சர்வரும் அந்த அச்சுல வார்த்ததுதான். அப்டேட்டுன்னா அச்சையே மாத்தறது. புது அச்சு சரியில்லன்னா பழைய அச்சு பக்கத்துலயே இருக்கும், ஒரு கட்டளையில திரும்பிடலாம். பழைய, பலவீனமான குறியாக்கத்தோட, அதான் என்கிரிப்ஷன், யாராவது வந்து பேசினா சர்வர் கதவையே திறக்காது."

கடைசியாக, கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னான். "இனிமே நாம கையால தொட்டது எதையும் சர்வர் ஞாபகம் வெச்சுக்காது. ஒரு தடவை அணைஞ்சு ரீபூட் ஆனா அச்சுல இருக்கறது மட்டும்தான் மிஞ்சும்."

கை தட்டினார்கள். நெட்வொர்க் வேலை பார்க்கும் சகா ஒருவன் இருந்தான், எல்லோரும் அவனைக் கேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். "மச்சான், பாதி எனக்கே புரிஞ்சுடுச்சுடா," என்றான். அவன் அகராதியில் அது பெரிய பாராட்டு.

அடுத்தது சோதனை. ஒரு சர்வரில் புது வெர்ஷனை ஏற்றிவிட்டு, பஸ் நிலையத்துக்கே போய் ஒவ்வொரு வகை கேட்டிலும் டிக்கெட்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். குழுத் தலைவியும் கூட வந்தார். கிழக்கு வாசலில் எல்லாம் புது கேட்டுகள். டிக்கெட்டைக் காட்டிய மாத்திரத்தில் பச்சை விளக்கு எரிந்து கதவு விலகியது. பழைய கேட்டுகள் மேற்கு வாசலில் மட்டும்தான் இருந்தன.

மேற்கு வாசலில் அக்கா இருந்தாள்.

முதல் கேட்டின் பக்கத்தில் குனிந்து பையிலிருந்து சோதனை டிக்கெட்டை எடுக்கப் போகும்போது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு டீயோடு அவள் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தான். சீருடைச் சட்டையின் கை மடிப்பு அவிழ்ந்திருந்தது. ரப்பர் செருப்பு. முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் நாலு எட்டில் "டேய் சின்னு" என்று கூப்பிட்டுவிடுவாள்.

"மேடம், இங்க முடிஞ்சுது. எல்லாம் ஓகே," என்று சொல்லிவிட்டு, செல்போனில் இருந்த சோதனைப் பட்டியலில் மேற்கு வாசல் என்ற வரிக்கு நேரே தேர்ச்சி என்று அழுத்தினான்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன படித்தாளோ, சின்னு என்று கூப்பிடவில்லை. டீயை மட்டும் நீட்டினாள். "எடுத்துக்கங்க சார். மேடம், நீங்களும்."

திரும்பி நடக்கும்போது தலைவி கேட்டார். "யாரு அவங்க?"

"தெரிஞ்சவங்க."

சொன்ன பிறகு டீயைக் குடிக்க முடியவில்லை. வழியில் ஒரு செடித்தொட்டியில் ஊற்றினான்.

புது வெர்ஷன் எல்லா சர்வர்களிலும் ஏறிய அன்று காலையிலேயே அக்கா போன் செய்தாள்.

"டேய் சின்னு, இங்க எங்க கேட்டு மட்டும் சிவப்பாவே நிக்குதுடா. கிழக்குப் பக்கம் எல்லாம் ஜோரா ஓடுது. நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

அவனுக்கு உடனே விளங்கியது. பழைய கேட்டுகள் பேசுவது பழைய குறியாக்கத்தில். கதவையே திறக்காது என்று கைதட்டு வாங்கியவன் அவன்தான். சோதனையில் ஒரே ஒரு டிக்கெட்டைக் காட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சரியான வழி ஒன்றுதான். அச்சுக்கான கோப்பில் அந்தக் கேட்டுகளுக்கு விலக்கு எழுதி, தலைவியின் ஒப்புதல் வாங்கி, புது அச்சு வார்க்க வேண்டும். ஒப்புதல் கேட்டால் சோதனையைப் பற்றிக் கேள்வி வரும். அவசரத்துக்கென்று இயங்குதளத்தில் ஒரு வசதி இருந்தது: ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மேல் தற்காலிகமாக ஒரு மெல்லிய ஏட்டை விரித்து அதில் மாற்றம் செய்துகொள்ளலாம். ரீபூட் ஆனால் அந்த ஏடு போய்விடும். அதை விரித்தான். இரண்டு வரி தட்டினான்.

"பச்சை! பச்சைடா!" என்று போனில் கத்தினாள் அக்கா. யாரிடமோ திரும்பி, "உட்கார்ந்த இடத்துலேர்ந்தே சரி பண்ணிட்டான் பாருங்க," என்பதும் கேட்டது. பிறகு அவனிடம், "மறுபடி வராதுல்ல?"

"வராதுக்கா."

"அப்போ இந்தப் பேப்பர் டிக்கெட் கட்டை ஸ்டோருக்கே திருப்பிக் கொடுத்துடவா? மெஷின் நின்னா கிழிச்சுக் கொடுக்கறதுக்குன்னு வெச்சது. காலை நீட்ட விடாம அடைச்சுக்கிட்டு கிடக்கு."

தற்காலிகம்தான், இரு என்று சொல்ல ஒரு மூச்சுதான் ஆகியிருக்கும். ஆனால் இப்போதுதான் அவள் நிலையம் முழுக்கக் கேட்கும்படி அவனைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தாள்.

"கொடுத்துடுக்கா," என்றான்.

நாளைக்கு அச்சில் ஏற்றிவிடலாம் என்றுதான் நினைத்தான். நாளை வந்தது, போனது. ஒவ்வொரு நாளும் தலைவியின் இருக்கை வரைக்கும் போய், வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினான். நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து கனத்தது. ஒரு கட்டத்தில் அதை நினைக்காமல் இருக்கவே பழகிக்கொண்டான்.

அடுத்த அப்டேட் ஒரு மத்தியானம் வந்தது. கூட்டம் குறைவான நேரம் என்று குறித்து வைத்தது. பள்ளி விடுமுறை அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை. சர்வர்கள் புது அச்சில் எழுந்தன. மெல்லிய ஏடு சத்தமில்லாமல் போனது. மேற்கு வாசல் முழுவதும் சிவப்பு.

"உன் லைனா?" என்று எல்லோரும் கேபிளைப் பார்த்தார்கள்.

"எது நின்னாலும் என் தலைதானா? என் லைன் தங்கம்," என்று சொல்லிக்கொண்டே அவன், பாவம், ஒவ்வொரு லைனாகச் சோதிக்க ஆரம்பித்தான்.

தலைவி பதறவில்லை. "ரோல்பேக் பண்ணுங்க. நேத்து ஓடின அச்சுக்குத் திரும்புங்க."

திரும்பினார்கள். படித்துச் சொன்னபடியே, ஒரு கட்டளையில், பிசிறில்லாமல் பழைய அச்சு எழுந்து நின்றது. கேட்டுகள் சிவப்பிலேயே இருந்தன.

"அதே அச்சு," என்றார் தலைவி திரையைப் பார்த்தபடி. "நேத்து வரைக்கும் ஓடினது. ஒரு எழுத்துகூட மாறல. அப்புறம் எப்படி?"

அந்த அறையில் பதில் தெரிந்தவன் ஒருவன்தான். அவனுடைய செல்போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் அக்கா என்று வந்தது. அதைக் கவிழ்த்து வைத்தான். நாக்கு எழவில்லை. விரல்கள்தான் எழுந்தன. மறுபடியும் அந்த ஏட்டை விரித்து, மறுபடியும் அந்த இரண்டு வரிகளைத் தட்டினான்.

"வந்துடுச்சு! பச்சை!" என்றான் கேபிள். "ரோல்பேக் கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கு போல."

"கம்ப்யூட்டர் லேட்டா யோசிக்காது," என்றார் தலைவி. ஆனால் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. "என்னடி குரல் இப்படி?" என்றாள் அம்மா.

"மெஷின் நின்னுபோச்சும்மா. கத்திக் கத்தித்தான் கூட்டத்தைச் சமாளிச்சேன். கிழிச்சுக் கொடுக்கப் பேப்பரும் இல்ல. ஒரு ஆள் சில்லறையை எடுத்து மூஞ்சியிலேயே அடிச்சான். கண்ணாடி இருந்தது, நல்லவேளை."

"உன் தம்பிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" என்றார் அப்பா, நாற்காலியில் காலை நீவிக்கொண்டு.

அக்கா அவன் பக்கம் திரும்பவில்லை. "அவனுக்கு அங்க என்ன வேலையோப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் திட்டியிருந்தால் எழுந்து போயிருக்கலாம். திட்டாததால் போக வழியில்லாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். தான் படித்தது எதற்கு என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டது அன்றைக்கு முதல் தடவை இல்லை. ஆனால் அன்றைக்குக் கிடைத்த பதில் கேவலமாக இருந்தது.

மறுநாள் தலைவி நிலைய மேலாளரோடு போனில் பேசி முடித்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"அறிக்கையில புது அப்டேட் சரியில்லன்னு எழுதிடலாம்னு பார்த்தேன். ஆனா அதுல எனக்கே நம்பிக்கை வரல. இன்னொரு விஷயம். அந்த வாசல்ல பேப்பர் டிக்கெட்டே இல்லையாம். கவுண்ட்டர்ல இருக்கற பெண், மேலேருந்து உத்தரவு வர்றதுக்கு முன்னாலயே திருப்பிக் கொடுத்துட்டாங்களாம். யார் சொல்லித் திருப்பிக் கொடுத்தீங்கன்னு கேட்டதுக்கு, யாரும் சொல்லல, என் புத்திதான்னு சொல்லியிருக்காங்க. அவங்களைப் பார்சல் அறைக்கு மாத்திட்டாங்க. விசாரணை வேற."

"பாவம்," என்றான் கேபிள்.

"நான்தான் சொன்னேன்," என்றான் அவன்.

சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, வாந்தி எடுப்பது போல வெளியே வந்தது. கையால் தட்டிய இரண்டு வரி. அச்சில் ஏற்றாதது. நேற்று மறுபடியும் தட்டியது. மேற்கு வாசலில் டிக்கெட்டையே காட்டாமல் தேர்ச்சி போட்டது.

"அடப்பாவி," என்றான் கேபிள். "நேத்துலேர்ந்து என் லைனை ஒவ்வொரு இஞ்சா தடவிக்கிட்டிருக்கேன்டா நான்! கையால தொடக் கூடாதுன்னு பாடம் எடுத்தவனே நீதானடா, கைவைத்தியரே!"

யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டார் தலைவி.

"சொன்னா... எனக்குத் தெரியலன்னு தெரிஞ்சுடும் மேடம்."

"எனக்கும் பாதி தெரியாது. தெரியாததைக் கண்டுபிடிக்கத்தானே அங்க போனோம்? அன்னைக்கு ஏன் அப்படி அவசரப்பட்டீங்க?"

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அந்தக் கவுண்ட்டர்ல இருக்கறவங்க... என் அக்கா."

தலைவி அவனை நேராகப் பார்த்தார். "டீ கொண்டு வந்தாங்களே, அவங்களா?"

"ஆமா."

"தெரிஞ்சவங்கன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

அவர் முகத்தைத் திருப்பித் திரையைப் பார்க்க ஆரம்பித்தார். என்ன திட்டியிருந்தாலும் அந்தத் திரும்பல் அளவுக்கு வலித்திருக்காது. "அந்தக் கேட்டுகளுக்கு மட்டும் விலக்கு எழுதி அச்சுல ஏத்துங்க. காரணத்தையும் உள்ளபடியே எழுதுங்க, உங்க பேரோட. நிலைய மேலாளர்கிட்ட நான் பேசறேன். அறிக்கையில இதெல்லாம் வரும். உங்க மேல என்ன வருதோ அதைத் தடுக்க மாட்டேன்."

வந்தது. அடுத்த சில மாதங்களுக்கு சர்வர்களைத் தொடும் அனுமதியை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுக்கலாம், வேறொருவர் சரிபார்த்து ஏற்றுவார். கைவைத்தியர் என்ற பெயர் ஆபீஸில் ஒட்டிக்கொண்டது. மறுத்துப் பேச அவனுக்கு வாயில்லை.

அக்கா மேல் இருந்த விசாரணை கைவிடப்பட்டது. பார்சல் அறையிலிருந்து அவள் கவுண்ட்டருக்குத் திரும்பிய அன்று, வேலை முடிந்ததும் அவன் மேற்கு வாசலுக்குப் போனான். கேட்டுகள் எல்லாம் பச்சையாக இருந்தன. இந்தப் பச்சை அச்சில் ஏறியது, எத்தனை ரீபூட் வந்தாலும் நிற்கும். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா," என்று கூப்பிட்டான், வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அவள் நிமிர்ந்தாள். "உள்ள வா. இப்படி நடுவழியில நிக்காத."

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தான். காலை நீட்டப் போனபோது ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தான். சணல் கயிறு போட்டுக் கட்டிய பேப்பர் டிக்கெட் கட்டு. அவள் கை எட்டும் தூரத்தில், எந்த நேரமும் பிரிக்கத் தோதாக, முடிச்சைத் தளர்த்தி வைத்திருந்தாள்.

"இனிமே நிக்காதுக்கா. இப்போ அச்சுலயே ஏத்தியாச்சு."

"சரிடா," என்றாள். கட்டை நகர்த்தவில்லை. அடுத்தவருக்கு டிக்கெட் அடித்தாள்.

பக்கத்துக் கவுண்ட்டர்காரப் பெண் புதிதாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது. எட்டிப் பார்த்து, "யாருக்கா இவரு?" என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்: முதல் பட்டதாரி, கம்ப்யூட்டர், அவன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த கேட்டே திறக்கிறது.

"என் தம்பி," என்றாள் அக்கா.

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவன் காலை மடக்கிக்கொண்டு, அந்தக் கட்டுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.