விண்வெளியிலிருந்து என் மனைவி பார்த்தது

நான் பிறப்பால் கிறிஸ்தவன். என் மனைவி களுவாஞ்சிக்குடிச் சைவக் குடும்பத்துப் பெண். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு காலைகளில் நான் மட்டும் வவுணதீவிலிருந்து வாவிப் பாலம் கடந்து டவுனிலுள்ள எங்கள் சபைக்குப் போய்வருவேன். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் அவளும் வருவாள்.

போன மாரியில் அவளுக்குக் காய்ச்சல். படுத்த படுக்கையில் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். விண்வெளி நிலையத்திலிருந்து பூமியைக் காட்டும் நேரடி ஒளிபரப்பு. எட்டிப் பார்த்தேன். முகிலும் கடலுமாக ஏதோ உருண்டது. எங்கள் வாவி தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

காய்ச்சல் விட்டதும், "இந்த ஞாயிறு நானும் வாறன்" என்றாள். அந்த ஞாயிறும் வந்தாள், அதற்குப் பிறகும் வந்தாள். சபையில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் செபம்தான் அவளைக் கொண்டுவந்தது என்று நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

ஒரு வீட்டுச் செபக்கூட்டத்தில் போதகர் அவளிடம், "என்னெண்டு மகள் இந்த விசுவாசம் வந்தது?" என்று கேட்டார்.

"போன்ல பூமியப் பாத்தன் ஐயா. அவ்வளவு இருட்டுக்குள்ள தனியக் கிடக்கு. ஆரும் பிடிக்காம என்னெண்டு நிக்கும்? ஆரோ பிடிச்சிருக்கார். அவரோட கதைக்கோணும் போல இருந்திச்சு."

யாரோ சிரித்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்ப இந்த விசுவாசம் வந்தது? சொல்லுங்கவன்" என்றாள். அறிய வேண்டுமென்ற ஆசையில்தான் கேட்டாள்.

எழும்பினேன். "நான்... பிறந்ததே இந்தச் சபையிலதானே" என்றேன். போதகர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். காது சுட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து கேட்டாள்: "நான் கேட்டது பிழையா?"

"இல்ல. எனக்குப் பதில் தெரியாது."

"அப்ப மறுகா ஏன் ஒவ்வொரு கிழமையும் போறீங்க?"

"அப்பா கூட்டிக்கொண்டு போனார். பிறகு விடல்ல."

அவள் சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். சிரிக்காமல் என் முதுகில் கையை வைத்தாள்.

அதன் பிறகு அவள் செபிக்கும்போது நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அவள் யாரோடோ கதைப்பாள். எனக்கு மீன்காரனின் ஹோர்ன்தான் கேட்கும்.

அவளுடைய ஞானஸ்நானத்தன்று வீட்டார் சார்பில் நான் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள் சபையார். நன்றி சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தேன். "அவவுக்கு வந்தது எனக்கு இன்னும் வரல்ல. எனக்காகவும் செபியுங்க" என்று வாயில் வந்துவிட்டது. சபையிலிருந்த அப்பாவின் பழைய கூட்டாளிகள் நிலத்தைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும், ஈரத் தலையோடு, அத்தனை பேருக்கும் முன்னால் அவள் என் கையைப் பிடித்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப் பிடிப்பதில்லை. கூச்சத்தில் செத்துப்போனேன். ஆனாலும் கையை இழுக்கவில்லை.