விழுதிச் செடியில் கட்டிய நாடா

விழுதியைக் கல்லூரியில் பாடமாக நடத்தியிருக்கிறேனே தவிர, அது தானாக முளைத்து நிற்கும் இடத்தை அதுவரை பார்த்திருக்கவில்லை. எங்கள் பக்கம் அது அரிதாகிவிட்டது. வேதாரண்யம் போகும் வழியில், வயல் முடிந்து உப்பு மண் தொடங்கும் ஒரு மணல்மேட்டில், காரைமுள்ளுக்கு நடுவே ஒரே ஒரு செடி பூத்திருந்தது. அடுத்த முறை தேடாமல் இருக்க ஒரு கிளையில் சிவப்பு நாடா கட்டிவிட்டு வந்தேன்.

மறுவாரம் போனால் நாடாவையும் காணோம், கிளையையும் காணோம். அரிவாள் வெட்டு, பச்சையாகவே இருந்தது. நாட்டு மருந்துக்காக யாரோ வந்து வெட்டிப்போகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அம்மாள் வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தேகம் அவர்மேல் விழுந்தது.

"கிளையை வெட்டினது யாருங்க?"

"நான்தான். நீங்க எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லைங்க, காலேஜ் டீச்சர். செடி பார்க்க வந்தேன்."

"செடி பார்க்கவா பஸ் ஏறி வருவாங்க? முன்னாடி வந்தவங்களும் சும்மா மண்ணு பார்க்கிறோம்னுதான் சொன்னாங்க. இப்படித்தான் சிவப்புத் துணி கட்டினாங்க. அப்புறம் நிலத்தை எடுக்கப்போறோம்னு வயல்ல அளவுக்கல்லு நட்டுட்டுப் போனாங்க."

அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"அட்டை அவங்ககிட்டயும் இருந்துச்சு."

அதன்பிறகு வெறுங்கையோடு போனேன். போனைக்கூடப் பையிலிருந்து எடுப்பதில்லை. நான் வந்தால் அவரும் களை பறிப்பதை விட்டுவிட்டு மேட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாள் காய் வெடித்து, உள்ளே ஆரஞ்சு நிறச் சதை தெரிந்தது. அவரும் குனிந்து பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அழகாத்தான் இருக்கு. வேற எங்கயும் இல்லையா?"

"ரொம்ப அபூர்வங்க."

சொன்னதுமே தப்பு என்று தெரிந்தது. அவர் நிமிர்ந்தார்.

"அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். அபூர்வம்னு தெரிஞ்சா வேலி போட்டு இடத்தையே வளைச்சுருவாங்க."

சொல்லமாட்டேன் என்றேன். ஊர்ப் பெயரை இன்றுவரை எங்கும் எழுதவில்லை. ஆனால் அன்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். நான் ஏறி உட்கார்ந்து, வண்டி நகரும்வரை அங்கேயே நின்றார்.