பதினான்காம் பீப்பாய்

ஆறு ஆண்டு, மூன்று மாதம். ஜூரா மலையடிவாரத்தில் எங்கள் மஞ்சள் ஒயினுக்குச் சட்டம் விதித்திருக்கும் காலம் அது. அறுவடை முடிந்து பீப்பாயில் இறங்கியது முதல் அத்தனை நாளும் அதை யாரும் நிரப்பக் கூடாது. சொலாஞ்ச் பெர்னே வாயைத் திறக்காமல் இருந்தது ஐந்து ஆண்டு, மூன்று மாதம். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை முடிந்தன.

சொலாஞ்ச் இருபத்திரண்டு வயதில் கிரான்வோ பண்ணைக்கு லேபிள் ஒட்ட வந்தவர். இரண்டு அறுவடை கழித்து நிலவறைக்குள் இறங்கினார், பிறகு மேலே வரவில்லை. பண்ணை பெரியதல்ல. சரிவில் சிவப்புத் திராட்சை, அதற்குக் கீழே நீலக் களிமண்ணில் சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சை, வீட்டுக்கு அடியில் இரண்டு நிலவறைகள். முதலாளி கிளோவிஸ் கிரான்வோ. நிலவறைச் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒன்று சொலாஞ்சிடம், மற்றது அவரைவிட எட்டு வயது மூத்த அனிசே மோரெலிடம்.

எங்கள் நிலவறைகளில் இரண்டு விதமான பீப்பாய்கள் உண்டு. ஒரு விதத்தை வாரா வாரம் நிரப்பவேண்டும். மரம் குடித்தது போக, ஆவியாகிப் போனது போக, குறைந்த அளவை அதே ஒயினால் ஈடுகட்டவேண்டும். இல்லாவிட்டால் புளித்துவிடும். மஞ்சள் ஒயின் நேர் எதிர். குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிடவேண்டும். உள்ளே காலி இடம் வரவர, காய்ச்சிய பால்மேல் ஆடை படிவதுபோல ஒயின்மேல் சாம்பல் வெள்ளையில் ஓர் ஆடை படரும். வால்நட் மணம் அந்த ஆடைக்கு அடியில்தான் ஊறுகிறது. ஆடை கிழிந்தால் அந்தப் பீப்பாய் போயிற்று. நிரப்பவேண்டியதற்குச் சாக்பீஸில் ஒரு கோடு. தொடக் கூடாததற்குப் பெருக்கல் குறி.

2017 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. வாரம் முழுக்க மழை, நிலவறைச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. நிரப்பும் வரிசை பதின்மூன்றாம் பீப்பாயோடு முடிகிறது. பதினான்கு மஞ்சள் ஒயின். அதன்மேல் இருந்த குறி ஈரத்தில் ஊறி வெறும் வெள்ளைத் தீற்றலாகியிருந்தது. நீண்ட மூக்குள்ள தகரக் குவளையோடு வந்த சொலாஞ்ச், வரிசையின் வேகத்திலேயே அதன் தக்கையைத் தட்டி எடுத்து ஊற்றத் தொடங்கினார்.

வாரத்துக்கு ஒரு பீப்பாய் அரைத் தம்ளர் கேட்கும். கூடிப்போனால் ஒரு தம்ளர். இது ஒரு குவளையையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். இருபத்தைந்து வருட அனுபவம் இருந்தது. ஆனால் அவருக்கு வந்தது சந்தேகம் அல்ல, கோபம். அனிசே கைவரிசையைக் காட்டியிருக்கிறார், வெட்கம் கெட்ட மனிதர், இவ்வளவா குடிப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது குவளையை ஊற்றினார். மூன்றாவதையும் ஊற்றினார். நான்காவதில் பாதி போனபோது, சாம்பல் வெள்ளையில் ஒரு துணுக்கு மிதந்து மேலே வந்து பீப்பாய் வாயில் ஒட்டிக்கொண்டது. பதினொரு லிட்டர் உள்ளே போயிருந்தது.

சொலாஞ்ச் அந்தத் துணுக்கை விரலால் வழித்தார். தக்கையை அடித்து மூடினார். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அழிந்திருந்த இடத்தில் பெருக்கல் குறியை அழுத்தமாகப் போட்டார். ஊற்றியது கைதவறிய வேலை. குறியைத் தெரிந்தேதான் போட்டேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரலில் மாதிரி எடுக்கும் நாள் வந்தது. பதினான்காம் பீப்பாயிலிருந்து எடுத்த தம்ளரை முகர்ந்த கிளோவிஸ், இன்னொரு முறை முகர்ந்தார். தக்கையை எடுத்து விளக்கை நீட்டினார். கிட்டத்தட்ட வாய்வரை நிறைந்து கிடந்தது.

அனிசேக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு நடுவே ஏதாவது பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழலால் ஒரு மடக்கு உறிஞ்சிக்கொள்வார். பண்ணையில் எல்லாருக்கும் தெரியும், பழைய முதலாளிக்கும் தெரிந்திருந்தது. கிளோவிஸுக்கு முடிச்சுப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“யோவ் அனிசே, குடிச்சா குடிச்சிட்டுப் போ. குடிச்சதை மறைக்க ரொப்பி வெச்சியே, அது ஏன்யா?”

“குடிச்சிருக்கேன், இல்லேங்கல. சிவப்புல குடிச்சிருக்கேன். எட்டாம் பீப்பாய்ல குடிச்சிருக்கேன். உங்க அப்பா காலத்துலேருந்து குடிக்கிறேன். பதினாலைத் தொடல.”

“பாரு, எதுல குடிச்சேன்னு பட்டியல் வேற.”

“பொய் சொல்றவனா இருந்தா எதுலயும் குடிக்கலன்னுதானே சொல்லியிருப்பேன்?”

சொலாஞ்ச் மூலையில் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த தம்ளரையே மறுபடி கழுவினார். அனிசே ஒரு முறை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிளோவிஸ் திரும்பவில்லை. அனிசே வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிப் பீப்பாய்மேல் வைத்துவிட்டு ஏறிப்போனார். மறுநாளிலிருந்து அவருக்குத் தோட்டத்து வேலை. கொடி கட்டுவது, குளிரில் கவாத்துச் செய்வது.

ஊரில் செய்தி அன்றே பரவிவிட்டது. சனிக்கிழமை மாலை மதுக்கடையில் யாரோ காலித் தம்ளரை நீட்டி, “அனிசே, குறைஞ்சுபோச்சு, கொஞ்சம் ரொப்பி வை” என்றார்கள். கடையே சிரித்தது. அடுத்த சனிக்கிழமையும் யாரோ நீட்டினார்கள். மூன்றாவது சனிக்கிழமை அனிசே வரவில்லை. அதற்குப் பிறகு அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை.

பதினான்காம் பீப்பாயின் ஒயினைச் சாதாரண வெள்ளையோடு கலந்து விற்றுவிட்டார்கள். பீப்பாய் நின்ற இடத்தைக் கிளோவிஸ் காலியாகவே விட்டுவைத்தார், பாடமாக இருக்கட்டும் என்று. ஒவ்வொரு வியாழனும் பதின்மூன்றை நிரப்பிவிட்டு அந்தக் காலி இடத்துக்கு முன்னால் சொலாஞ்ச் குவளையோடு நிற்பார். ஏன் நிற்கிறாய் என்று கேட்க யாரும் இல்லை, சாவி இப்போது அவர் ஒருவரிடம்தான்.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. இரண்டாம் வருடம் சீமை மாதுளை ஜாம் செய்து அனிசே வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். ஒரு வாரத்தில் காலி பாட்டில் கழுவித் துடைத்துச் சொலாஞ்சின் வாசலுக்குத் திரும்பியிருந்தது. சீட்டு எதுவும் இல்லை. அடுத்த வருடமும் வைத்தார், அடுத்த வருடமும் பாட்டில் வந்தது. அனிசே வாங்கும் கடையில் ரொட்டி வாங்குவதை நிறுத்தி, பக்கத்து ஊர்வரை நடந்து போய் வாங்கினார். பிப்ரவரி மழையில், நனைந்த கையுறையோடு கொடிகளுக்கு நடுவே குனிந்திருக்கும் அனிசேயின் முதுகு சாலையிலிருந்து தெரியும் என்பதால், ஜன்னலோரம் உட்காராமல் பேருந்தில் போனார்.

நான்காம் வருடம் ஒரு நாள், சொல்லிவிடுவது என்று உறுதி செய்துகொண்டு கிளோவிஸின் அறைக் கதவைத் தட்டினார்.

“நானே கூப்பிடணும்னு இருந்தேன் சொலாஞ்ச். உட்காரு. நீ ஒருத்தி பார்க்க ஆரம்பிச்சதுலேருந்து கீழே ஒரு சொட்டு வீணாகல. இனிமே நிலவறை முழுக்க உன் பொறுப்பு. என்ன, ஏதோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணுமில்ல முதலாளி. தக்கை தீர்ந்துபோச்சு, அதான்.”

சொல்லப் போனவர் பதவி உயர்வோடு இறங்கினார்.

2023 பிப்ரவரியில், 2016 அறுவடையின் மஞ்சள் ஒயினைத் திறக்கும் ஞாயிறு வந்தது. பீப்பாயைத் தெருவுக்குத் தூக்கி வந்து நடுச்சதுக்கத்தில் வைப்போம். யார் அதைக் காத்தாரோ அவர் மரச் சுத்தியலால் ஒரே அடியில் குழாயை இறக்கவேண்டும். ஒயின் பீறிட்டால் தெருவே சிரிக்கும், அடித்தவர் அத்தனை பேருக்கும் வாங்கித்தரவேண்டும். சொலாஞ்ச் அடித்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பீறிட்டு முகத்தில் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்தக் கணம் தோன்றியதாம்.

கிளோவிஸ் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். “அஞ்சு வருஷமா சாவி இவ கையில. ஒரு பீப்பாய் கெட்டதில்ல. நல்லவங்க கை பட்டா ஒயினும் நன்றி காட்டும்.” கூட்டம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் அனிசே நின்றிருந்தார். காகிதத் தம்ளரை இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார். நானும் அங்கே குறிப்பேட்டோடு நின்றிருந்தேன். மறுநாள் எங்கள் பத்திரிகையில் வந்த “நல்லவர் கை” என்ற தலைப்பு என்னுடையது.

மதியச் சாப்பாடு ஊர் மண்டபத்தில். நீள மேசைகள், மஞ்சள் ஒயினில் காளானோடு வெந்த கோழி. சொலாஞ்ச் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அனிசேக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“அனிசே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“உப்பு கம்மின்னா சமையல் பண்ணவங்ககிட்ட சொல்லு.”

“பதினாலாம் பீப்பாய். அது நான்தான்.”

அனிசே கோழித் துண்டை அறுத்து முடித்தார். “தெரியும்.”

“எப்படி?”

“சாவி ரெண்டு. நான் இல்லைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் எண்ணிப் பார்க்க என்ன இருக்கு? கிளோவிஸுக்கும் ரெண்டுவரைக்கும் எண்ணத் தெரியும். எண்ணல.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே. நான் இல்லைன்னு சொன்னேன். மீதியை நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன். முதல் வருஷம் முழுக்க இருந்தேன். ரெண்டாவது வருஷம் ஜாம் வந்துச்சு. சரிதான், இனிமே இவ சொல்ல மாட்டான்னு புரிஞ்சுபோச்சு.”

“சாப்பிட்டீங்களா அதை?”

“கோழிக்குப் போட்டேன். நல்லா முட்டை வெச்சுது.”

சொலாஞ்சுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்துவிட்டது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, “இப்பவே முதலாளிகிட்ட சொல்லிடறேன்” என்றார்.

“சொல்லு. ஆனா கதவைச் சாத்திக்கிட்டு சொல்லாதே. எங்கிட்ட தம்ளரை நீட்டினது கிளோவிஸ் இல்ல, ஊரு. ஊருக்குச் சொல்லு.”

ஒலிவாங்கி பத்தடி தள்ளி மேடையில் கிடந்தது. சொலாஞ்ச் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. வாத்தியக்காரர்கள் மேடையேறினார்கள். அனிசே தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை கிளோவிஸிடம் சொன்னார்.

“நான் உன்னைக் கேட்கவே இல்லையே சொலாஞ்ச்.”

“கேட்கல முதலாளி.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

“தெரியல.”

அங்கிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், திருத்தம் போடவேண்டும் என்று. “நல்லவர் கை” தலைப்பைக் கத்தரித்துக் கையில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாலு வரியில் நாசூக்காக எழுதிப் படித்துக் காட்டினேன்: பதினான்காம் பீப்பாயில் நேர்ந்த தவறுக்கும் திரு. அனிசே மோரெலுக்கும் தொடர்பில்லை.

“நேர்ந்ததுன்னு போடாதீங்க” என்றார். “நான் செஞ்சேன்னு போடுங்க. அப்புறம் அந்தக் குறி. மூடிட்டு நானே பெருக்கல் குறி போட்டேன். அதையும் எழுதுங்க.”

“அது தேவையாம்மா? படிக்கிறவங்க உங்களை என்னென்னவோ சொல்லுவாங்க.”

“அவரைச் சொன்னாங்களே.”

எழுதிக்கொடுத்ததில் கையெழுத்துப் போட்டார். மேசைமேல் சாவியை வைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார். அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

திருத்தம் இந்த வியாழக்கிழமை இதழில், நான்காம் பக்கத்தில், அவர் சொன்னபடியே வருகிறது. அன்று காலை எட்டு மணிக்குச் சாவியோடு இறங்கிப் பீப்பாய்களை நிரப்பப்போகிறவர் அனிசே.