நூலகச் சுவரில் மேவிஸ்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் மீனும் சிப்ஸும் வறுத்து விற்கும் நோரிஸுக்கு ஓவியம் என்றால் காலண்டரில் வருவதுதான். ஆனால் பெண்டாட்டி மேவிஸ் வியாழக்கிழமைதோறும் ஓவிய வகுப்புக்குப் போவதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. சிப்ஸில் வினிகர் தெளிக்கும்போதே, "எங்க வீட்டுக்காரி படம் வரையறா, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டவர்கள் பொட்டலத்தைப் பார்த்தபடியே நழுவினார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா மனுஷனுக்கு?

மார்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்ததிலிருந்து மேவிஸ் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றினாள். விளக்கை அணைத்த பிறகே படுக்கைக்கு வந்தாள். அவனும் கேட்கவில்லை. வகுப்பில் சேர்ந்த பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. அதுவே போதும் என்றிருந்தான்.

வகுப்பின் கண்காட்சி நூலகத்தில் நடந்தது. "நீ வராதே, உனக்கு அதெல்லாம் பிடிக்காது" என்று அவள் சொல்லியும் கேட்காமல், கடையைப் பூட்டிவிட்டு, நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, அவள் வரைந்த படம் ஒன்றை வாங்கிவிடும் ஆசையோடு போனான். படங்களுக்குக் கீழே ஒட்டியிருந்த பெயர்களைக் குனிந்து குனிந்து படித்தான். மேவிஸ் பெயரே இல்லை. நிமிர்ந்தான்.

சுவர் முழுக்க மேவிஸ். நாற்காலியில், ஜன்னலோரம், பக்கவாட்டில். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. இடது மார்பு இருந்த இடத்திலிருந்து அக்குள் வரை ஓடியது தழும்பு. கட்டியவன் பார்க்காததை ஊரே பார்த்து வரைந்து மாட்டியிருக்கிறது!

"அடடே, நோரிஸ்! இது நான் போட்டது. அந்தத் தோள்பட்டைதான் உயிரை எடுத்துடுச்சுங்க," என்றார் தேநீர்க் கோப்பையோடு வந்த பாதிரியார்.

பிஸ்கட் கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும் அறையில் எந்த ஆங்கிலேயன் கத்துவான்? "ரொம்ப நல்லாயிருக்குங்க," என்றான் நோரிஸ். நெஞ்சு பற்றி எரிந்தது.

தட்டோடு வந்த மேவிஸ் அவனைக் கண்டதும் அதை மேஜையில் வைத்துவிட்டாள்.

"வரையறேன்னு சொன்னியே?"

"வகுப்புக்குப் போறேன்னுதான் சொன்னேன். வரையறேன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்டே. அவங்க வரையறதுக்கு உட்கார்றவ நான். அப்புறம் சொல்ல வாய் வரல."

"ஊருக்கே காட்டியிருக்கே. எனக்கு மட்டும் ஏன் காட்டல மேவிஸ்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில கட்டுப் பிரிச்சப்போ வாசல்ல வந்து நின்னியே. உன் மூஞ்சி போன போக்க நான் பார்த்தேன். உடனே திரும்பிக்கிட்டே. இங்க ஒருத்தரும் திரும்பல. கோடு சரியா வரணுமேன்னு திரும்பத் திரும்பப் பார்த்தாங்க."

திரும்பிக்கொண்டானா? அவனுக்கு நினைவே இல்லை. அதுதான் அவனை உலுக்கிப் போட்டது. அவன் மறந்துபோன ஒரு நொடியை அவள் இத்தனை காலம் சுமந்திருக்கிறாள்.

ஒரு நாற்காலியை இழுத்து, எல்லாவற்றிலும் பெரிய படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். தழும்பை மேலிருந்து கீழாகப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது, முகத்தைத் திருப்பவில்லை.

மேவிஸ் படத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.