படகு பேசினால்தான் டீச்சர் ஏறுவார்

1. கடல் இல்லாத ஊரில் ஒரு படகு

பெரம்பலூர் மாவட்டத்தில் கடல் கிடையாது. அதனால் அந்தோணி போன் பண்ணி, "அக்கா, பட்டறையில பாய்மரப் படகு ஒண்ணு ரெடியா நிக்குது, ரேடியோ மாட்டியாச்சு, வந்து ஓகே சொல்லிட்டுப் போங்க" என்றபோது, மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் வசந்தா. சொந்த ஊர் விக்கிரமங்கலம். அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வயர்லெஸ் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள். சேர்ந்த புதிதில் நான் டவர் ஏறுவதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். பிறகு செட் பேசவில்லை என்றால் என்னைத்தான் தேடுவார்கள். இப்போது கூப்பிட்ட இடத்துக்குப் போய் வேலை செய்கிறேன்.

அந்தோணிக்கு சிறுவாச்சூர் தாண்டி ஹைவே ஓரத்தில் ஃபைபர் பட்டறை. தண்ணீர் டேங்க், பாத்ரூம் கதவு, கோயிலுக்குக் குதிரை எல்லாம் செய்வார். போய்ப் பார்த்தால் நிஜமாகவே படகு. டேங்குகளுக்கு நடுவில், பாய்மரத்தை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. ஹைவேயில் போகிற பஸ்ஸில் எல்லாம் தலைகள் திரும்பின.

படகு அந்தோணியின் மச்சானுடையது. அவர் சவரிராஜ், சரக்குக் கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் இருந்து மனைவியோடு கரையோரமாகச் சென்னை வரை பாய் விரித்துப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மனைவி லூர்து மேரி, வரதராஜன்பேட்டையில் டீச்சராக இருந்தவர், அந்தோணியின் அக்கா. படகு நிழலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கப்பல்ல இருந்த காலம் பூரா இவரு எங்க இருக்காருன்னே தெரியாம இருந்தவ நான்" என்றார் என்னிடம். "ஆபத்துன்னா கூப்புடுறதுக்கு அந்த ரேடியோப் பொட்டி ஒண்ணுதான் இருக்குதாம். அது பேசும்னு நீங்க சொன்னாத்தான் நான் ஏறுவேன். இவரையும் தனியா விட மாட்டேன்."

படகை ஏற்றிப் போகும் லாரி மறுநாள் காலை காரைக்காலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. கேப்டன் என்னைப் பார்த்த பார்வையில், என் வாயில் இருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாம் காத்திருக்கிறது என்று தெரிந்தது.

2. கேட்குது, அப்புறம் என்ன?

நான் போவதற்கு முன்பே ஒரு டெஸ்ட் நடந்திருந்தது. பட்டறையில் வேலை செய்யும் சூசை, கையில் வைத்துப் பேசும் சின்ன செட்டோடு ஹைவேக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றிருக்கிறார். கேப்டன் படகில் இருந்து பேசியிருக்கிறார். மணி மணியாகக் கேட்டிருக்கிறது.

"தெளிவா கேட்டுச்சுக்கா. அப்புறம் என்ன?" என்றார் அந்தோணி.

"டீக்கடை வரைக்கும் பேச ஆன்டெனாவே வேணாங்க. ஒரு ஊக்கைக் குத்தி வச்சாக்கூடப் பேசும்" என்றேன்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடிவாதம் உண்டு. காரணம் சுரங்கம். வெடி வைப்பதற்கு முன் குழிக்குள் இருக்கும் ஒவ்வொரு டம்பர் லாரி டிரைவரும் ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒருவரிடம் இருந்து பதில் வரவில்லை. வெடியை நிறுத்திவிட்டுத் தேடிப் போனால், அவர் உள்ளேதான் இருக்கிறார். "நீங்க பேசுறது எல்லாம் கேக்குது, நானும் சொல்லிக்கிட்டேதான இருக்கேன்" என்கிறார். அவர் சொன்னது எதுவும் வெளியே வரவில்லை. ஆன்டெனா அடியில் கனெக்டர் அரித்துப் போயிருந்தது. அன்றிலிருந்து யார் "கேக்குது" என்று சொன்னாலும் "பேசுதா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

பெட்டிக்கும் கேபிளுக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டினேன். நாம் அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனா வழியே வெளியே போகிறது, எவ்வளவு திரும்பி செட்டுக்கே வருகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஒன்றரைக்குள் நின்றால் நிம்மதி. இரண்டு வரை பொறுத்துக்கொள்ளலாம். குறைந்த பவரில் வைத்து சுவிட்சை அழுத்தினேன். முள் மூன்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது.

"கடல்ல போய்ப் பாத்துக்கலாமேம்மா" என்றார் கேப்டன், குரலைத் தாழ்த்தி.

டீச்சருக்குக் காது கூர்மை. "வசந்தாம்மா, என்ன சொல்லுது மீட்டரு?" என்று சேரில் இருந்தபடியே கேட்டார்.

"பேசாது டீச்சர். பக்கத்துல பேசும், தூரத்துக்குப் போவாது" என்றேன்.

கேப்டன் முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, அதற்காக முள் இறங்கி வரவா போகிறது? ஆன்டெனா பாய்மரத்தின் உச்சியில் இருந்தது. ஹைட்ரா கிரேனைக் கூப்பிட்டு மரத்தைப் படுக்க வையுங்கள் என்றேன்.

3. ஒவ்வொன்றாகக் கழித்தல்

இந்த வேலையில் சந்தேகப்படுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் செட். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை மாட்டினேன். பவரை வெளியே விடாமல் தானே விழுங்கிக்கொள்ளும் சின்ன டப்பா அது. முள் ஒன்றை விட்டு அசையவில்லை, செட் நல்ல செட். அடுத்து கேபிள். அதே டம்மி லோடை மரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் கேபிளின் மறுமுனையில் மாட்டினேன். அதுவும் சுத்தம். கனெக்டர்களைத் திறந்து பார்த்தேன். சால்டரிங் அழகாக இருந்தது, கேப்டன் கைவேலை. அவரிடமே சொன்னேன், கொஞ்சம் தெம்பானார்.

மிச்சம் இருந்தது ஆன்டெனா மட்டும். கழற்றி ஒரு மூங்கிலில் உயரக் கட்டி, வேறு கேபிள் போட்டுப் பார்த்தேன். அதே மூன்று.

"கம்பெனி ஃபால்ட்டு. வேற ஆர்டர் போடணும். வர ஒரு வாரம் ஆவும்" என்றார் அந்தோணி.

புது ஆன்டெனா மீது அவ்வளவு சீக்கிரம் பழி போட எனக்கு மனசு வராது. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். வெள்ளை ஃபைபர் குழாய், உள்ளே செம்புக் கம்பி. அடிப்பாதி கொஞ்சம் தடிமனாக இருந்தது. கனமும் கூடுதல். பளபளப்பில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை.

"இதுல யாராச்சும் கை வச்சீங்களா?"

அந்தோணி இல்லை என்றார். கேப்டன் இல்லை என்றார். தள்ளி நின்ற சூசை மெதுவாக முன்னால் வந்தார்.

"நாந்தாங்கக்கா. வண்டியில வரும்போதே அடியில விரிசல் விட்டிருந்துச்சு. ஒரு சுத்து போட்டு வெள்ள அடிச்சேன். டேங்க்ல அப்படித்தான செய்வோம், அதப் போயி கஸ்டமர்கிட்ட சொல்லிக்கிட்டு இருப்பமா?"

"எதைச் சுத்துனீங்க?"

"நல்லா வலுவா இருக்கட்டும்னு சுக்கானுக்குப் போட்ட கறுப்புத் துணி மிச்சம் இருந்துச்சு. அதைத்தான்."

எனக்கு விளங்கிவிட்டது. பிளேடால் கொஞ்சம் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் கறுப்பு. மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அதன் மேல் வைத்தேன். கீச் என்று கத்தியது. ஃபைபர் கிளாஸ் என்றால் கத்தாது. அது கார்பன் துணி, கரண்ட் கடத்தும். ஆன்டெனாவின் பாதி உடம்புக்கு இரும்புக் குழாய் மாட்டிவிட்டது மாதிரி, பவர் வெளியே போகாமல் திரும்பி வரும்.

சூசைக்குக் கண் கலங்கிவிட்டது. "கெட்டியா இருக்கட்டும்னு செஞ்சேன்கா" என்றார்.

"கெட்டியாத்தான் இருக்கு. கைவேலையில ஒரு குறையும் இல்ல, துணிதான் தப்பு. உள்ள இருக்கிற செம்பு அடிபடாம இதை உரிக்கணும். அது என்னால ஆவாது, உங்களாலதான் ஆவும்."

சூசை கிரைண்டரைத் தொடவில்லை. உப்புத்தாளும் உளியும் எடுத்துக்கொண்டு ஒரு மரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டார். கறுப்பு முழுவதும் போன பிறகு, விரிசல் மீது சாதா வெள்ளை ஃபைபர் கிளாஸ் மேட் ஒரு சுற்று. பெரம்பலூர் வெயிலுக்கு அதில் பூசும் ரெசின் பசை காய அதிக நேரம் ஆகாது, அந்த வெயிலை நான் வாழ்த்திய நாள் அது ஒன்றுதான். டீச்சர் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். மறுபடி மூங்கிலில் கட்டி சுவிட்சை அழுத்தினேன். முள் ஒன்றரையைக்கூடத் தொடவில்லை.

டீச்சர் எழுந்து வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். "இது பட்டறையில. தண்ணியில காட்டுங்க, ஏறுறேன்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

4. காரைக்கால்

படகு தண்ணீரில் இறங்கிய அன்று என்னையும் அழைத்துப் போனார்கள். மரத்தை நிமிர்த்தி, கேபிளை மாட்டி, மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கேப்டனும் சூசையும் முதலில் போனார்கள். கடலில் கால் வைத்தே இராத சூசை, "நான் ஒட்டுனது, நான் வரேன்" என்று தானாக ஏறிக்கொண்டார்.

நானும் டீச்சரும் கரையில் நின்றோம். சின்ன செட் டீச்சர் கையில். படகு சிறுத்துக்கொண்டே போனது. பாய் ஒரு நகத்துண்டு அளவுக்கு வந்து, பிறகு அதுவும் தெரியவில்லை. நான் உள்ளுக்குள் கனெக்டர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செட் உயிர் பெற்றது. "லூர்து, கேக்குதா? ஓவர்."

பக்கத்து அறையில் இருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி சுவிட்சை அழுத்தினார்.

"நல்லா கேக்குது. திரும்பி வாங்க, நானும் ஏறணும். ஓவர்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. பேசுகிறதா என்பதை எட்டத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், மீட்டரிடம் கேளுங்கள். அதுவரை ஓகே என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒருவர் படகில் கால் வைக்கிறார்.