மணி கேட்காத ஹெட்போன்

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் கழுதை மேய்க்கவில்லை, மைக் செட் வைத்திருந்தேன். முப்பத்தி நாலு வருடம். கோவில் கொடை விழா, சர்ச் திருவிழா, தர்கா கந்தூரி, கல்யாணம், தேர்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் தென்னையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவன். படிப்பு எட்டாவதுதான். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியே தொழில் படித்தேன். இரண்டு வருடம் முன்னால் அத்தனையும் விற்றேன். யாரும் கூப்பிடவில்லை, அதனால் விற்றேன். இப்போதெல்லாம் லாரியில் பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள், நம்மை எவன் கூப்பிடுவான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விற்ற காசை வங்கியில் போட்டு வைத்திருந்தேன். கோட்டாற்றில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. சவுதியில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து, டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கிறார், பழைய சாமான் வாங்கி விற்கிறார். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை ஓய் என்பார். ஒரு நாள் காலையில் போன் போட்டார்.

"ஓய், கடைக்கு வாரும். ஒரு சாமான் வந்திருக்கு. நீரு பாத்தா கும்பிட்டு விழுவீரு."

போனேன். மரப்பெட்டிக்குள் கறுப்புத் துணி விரித்து, அதில் ஒரு ஹெட்போன். காதை மூடும் கிண்ணம் இரண்டும் மரத்தில் கடைந்தது, ரேகை ஓடுவது தெரிகிறது. வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சில நூறுதான் செய்தார்களாம், அப்புறம் பட்டறையையே மூடிவிட்டார்களாம். பாயின் பழைய முதலாளி ஆசைப்பட்டு வாங்கியது. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை, விற்றுத் தரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விலை ஒண்ணே கால் லட்சம்.

"பாய், இது ஹெட்போனா, தங்க ஆரமா?"

"ஆரம் கழுத்துல கெடக்கும், வாய் தொறந்து பாடுமா ஓய்? மாட்டிப் பாரும்."

நான் எதைக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். இளவயதில் ஒரு கொடையில் என் கையால் பதிவு செய்த வில்லுப்பாட்டு ஒன்று இருந்தது. அந்தக் கேசட்டை அவர்தான் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தார். நீள வில், அதில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள், பாடுகிறவர் கோலால் நாணில் அடிக்க அடிக்க மணி எல்லாம் ஒன்றாகச் சிணுங்கும். அந்தச் சிணுக்கத்தைப் பிடிக்க அன்றைக்கு வில்லுக்குக் கீழே தனியாக ஒரு மைக்கைத் துணி சுற்றி வைத்திருந்தேன். ஒருவரும் சொல்லித் தந்ததல்ல, எனக்குத் தானாகத் தோன்றியது. வாழ்க்கையில் நான் செய்ததில் நன்றாக வந்தது அது ஒன்றுதான். வீட்டுக்கென்று விற்காமல் வைத்த பழைய ஸ்பீக்கரில் இப்போதெல்லாம் அந்த மணி எழும்புவதில்லை. ஸ்பீக்கருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். நல்ல கருவி ஒன்று கிடைத்தால், ஒரே ஒரு தடவை அந்த மணியை அன்று கேட்ட மாதிரி கேட்டுவிட்டால் போதும். அந்த ஆசைக்காகத்தான் வங்கிக் காசைத் தொடாமல் வைத்திருந்தேன்.

மாட்டினேன். குடம் அடிப்பது நெஞ்சுக்குள் இறங்கியது. உடுக்கு தெரிந்தது. பாடுகிறவரின் குரல் முன்னால் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. எல்லாம் சரி. மணி மட்டும் இல்லை.

"பாய், ட்ரெபிளே இல்லியே, மேல் சத்தம் சுத்தமா இல்ல. மணி எங்க?"

அவர் வாங்கி மாட்டினார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். கழற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மணி கொறவுதான் போலிருக்கு. வயர் லூசோ என்னவோ. நீரு வீட்டுல கொண்டு போய் ரெண்டு நாள் வெச்சுப் பாரும். ஒமக்குத் தெரியாத வயரா?"

இவ்வளவு விலைச் சாமானை ஒருவர் இப்படிச் சும்மா தூக்கித் தருவாரா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ரிப்பேர் என்றால் எனக்குக் கை ஊறும்.

வீட்டில் போய், மேசையில் துண்டை விரித்து, திருப்புளியை எடுத்து ஒரு பக்கக் கிண்ணத்தைக் கழற்றினேன். மீட்டர் வைத்து பற்றவைத்த ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். எல்லாம் முத்து மாதிரி இருந்தது. வீட்டுக்காரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, ஊராமூட்டு சாமானத்த எதுக்குக் கழத்துதிய? ஒடஞ்சா யாரு குடுப்பா?"

"சாமான் கேடு. டூப்ளிகேட்டாட்டுதான் இருக்கும். பாய யாரோ நல்லா ஏமாத்திப்போட்டான்."

திரும்பப் பூட்டிப் பாட்டைப் போட்டேன். மணி இல்லை. சத்தத்தைக் கூட்டினேன், இல்லை. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, "இஞ்ச தாங்க, என்னதான்னு பாப்போம்" என்று தலையில் மாட்டினாள். மாட்டின வேகத்தில் பிடுங்கி எறியாத குறை.

"யம்மா! இந்தச் சவத்துச் சத்தத்தக் கொறைங்க. மணியல்லா காதக் கிழிக்கு!"

"எந்த மணி?"

"வில்லு மணிதான். வேற எந்த மணி? பாட்டே கேக்க முடியல்ல, ஒரே மணியாட்டு இருக்கு."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடுகிற முகம் இல்லை. ஹெட்போனை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சொல்லவேண்டாம் என்று ரொம்ப நாளாக வைத்திருந்ததை இப்போது சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது.

"ஒரு ஆறேழு வருசமாட்டு இப்படித்தான். நீங்க ட்ரெபிளத் தூக்கி வெச்சிருவிய, ஊரு காதப் பொத்திக்கிட்டு இருக்கும். கொடைக்கு வந்த பொம்பளேள் எங்கிட்டச் சொல்லுவாளுவ. ஒங்க தொழிலு, நான் என்ன சொல்லட்டும்?"

அப்போதுதான் எனக்கு ஒரு கொடை ஓர்மை வந்தது. நான் கடைசியாக மைக் கட்டிய கொடைகளில் ஒன்று. கமிட்டிக்காரர் ஒருவர், என்னைவிட இளையவர், பக்கத்தில் வந்து குனிந்து மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணாச்சி, சத்தம் ஊசியாட்டு குத்துகு. கொஞ்சம் கொறைக்கப்பிடாதா?" நான் நாலு பேர் கேட்கச் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். மக்கா, காதுல அழுக்கு இருந்தா எடுத்துட்டு வந்து கேளு." கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வருடம் அவர்கள் கூப்பிடவில்லை.

மைக் செட்டுக்காரன் வேறு கருவி வைத்துச் சத்தத்தை அளப்பதில்லை. தன் காதுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான், அதுவே ஊருக்கும் கணக்கு. என் காதில் மேல் சத்தம் தேயத் தேய நான் குமிழைத் திருகியிருக்கிறேன். எனக்குச் சரியானபோது ஊருக்குக் குத்தியிருக்கிறது. கூடம் கோணல் என்றது நான்தான்.

அவள் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கண்ணாடி வைத்த சின்ன அறையில் என்னை உட்காரவைத்து அங்கேயும் ஒரு ஹெட்போனைத்தான் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். முதலில் அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டார்கள் போல என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே மெஷின் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே இருந்தாள். நான் அமுக்காத பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் நல்ல மனுசன். சுற்றி வளைக்கவில்லை.

"முப்பது வருசம் கொழாய்க்குக் கீழ நின்னிருக்கிய. நரம்பு போச்சு. இது திரும்பாது. இனியும் கொறையத்தான் செய்யும்."

"மருந்து?"

"இல்ல."

"காது மெஷின்?"

"வெச்சா பேச்சு கொஞ்சம் தெளியும். வீட்டுல அவங்க சொல்லுகது கேக்கும். நீங்க சொல்லுக மணி, அது கஷ்டம்." மெஷின் விலையையும் சொன்னார். இரண்டு காதுக்கும் நல்லதாகப் போட்டால் பாயின் ஹெட்போன் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பஸ்ஸில் வரும்போது, கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் என்று யாரோ ஆரம்பித்து வைத்தானே, அவனை ஒரு தடவை பார்த்தால் கொள்ளாம் என்றேன் அவளிடம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்:

"ஆசப்பட்டியல்லா, வாங்கிப் போடுங்க. மெஷின் பொறவு பாத்துக்கிடலாம்."

"எனக்குத்தான் கேக்காதே."

"நான் மாட்டிக்கிடுகேன். மணி வரும்போ ஒங்க முட்டுல தட்டுகேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நாள் என்று வாங்கியது பத்து நாள் ஆயிற்று. தினமும் காலையில் எடுத்து மாட்டுவேன். ஒரு நாள் மணி லேசாகக் கேட்டது போல இருந்தது. பாட்டை நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. அது எனக்குள்ளேயே கிடக்கிற பழைய ஓர்மை. அதற்கு ஒண்ணே கால் லட்சம் எதற்கு? அன்றைக்குப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் கோட்டாற்றுக்குப் போனேன்.

"பாய், சாமான் ஒண்ணாம் நம்பர். கேடு எங்கிட்டதான்."

அவர் கையில் இருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கே ஒமக்கு மணி கேட்டுதா பாய்?"

"கேட்டுது."

"பின்ன எதுக்குச் சொல்லல்ல?"

"என்னண்ணு ஓய் சொல்ல? செவிடன்னு ஒம்ம மூஞ்சியப் பாத்து நானா சொல்லணும்? வீட்டுல அவங்க மாட்டிக் கேட்டா, அவங்களே பக்குவமாச் சொல்லிருவாங்கன்னு நெனச்சேன்." பெட்டியை என் பக்கம் தள்ளி, "ஒமக்குன்னா வெல கொறைக்கலாம். மொதலாளி பிள்ளேள்ட்ட நான் பேசுகேன்" என்றார்.

"சும்மா தந்தாலும் வேண்டாம் பாய். மொட்டத்தலைக்குச் சீப்பு எதுக்கு?"

பெட்டியை மூடப்போனவரைத் தடுத்து, நானே வயரைச் சுற்றினேன். எங்கள் தொழிலில் வயரை முறுக்கு விழாமல் ஒரு சுற்று உள்பக்கம், ஒரு சுற்று வெளிப்பக்கம் என்று சுற்றுவோம். கைக்கு அது மறக்கவில்லை. அடுத்த மாதம் திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனதாகப் பாய் சொன்னார். எப்படிப்பட்ட ஆள், என்ன பாட்டுக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

காது மெஷின் இன்னும் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று அவள் சொல்கிறாள். சில நாள் சொல்வது கேட்கிறது.

இந்த வருடக் கொடைக்குச் சும்மா ஆளாகப் போனேன். வேறு ஊர்ப் பையன்களின் செட். வில்லுக்கு நேர் எதிரில் மணலில் போய் உட்கார்ந்தேன். கோல் விழுந்தது, மணிகள் ஆடின. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் ஆடுவது தெளிவாகத் தெரிந்தது, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கமிட்டிக்காரர் என்னைக் கண்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய மரியாதைதான். காதுக்குள் வாயை வைத்துக் கேட்டார்:

"அண்ணாச்சி, சவுண்டு எப்படி? ட்ரெபிள் கூடிப்போச்சோ?"

முப்பத்தி நாலு வருடத்தில் இந்தக் கேள்விக்கு எத்தனையோ பழமொழியை எடுத்து வீசியிருக்கிறேன்.

"எனக்குத் தெரியல்ல மக்கா" என்றேன். "நீயே கேட்டுச் சொல்லு."