வலது பக்கச் சக்கரம்

பம்ப் குழாய் தானாக நின்ற பிறகுதான் உக்கிரபாண்டியின் வேலை தொடங்கும். ஜீப்பின் பின்பக்க விளிம்பில் இரண்டு கைகளையும் வைத்து, தூளி ஆட்டுவதுபோல மெதுவாக ஆட்டுவார். டேங்க்குக்குள் நுரை அடங்கும் சத்தத்தை, மூடி திறந்த வாயருகே காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கையைத் தூக்குவார். இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். மறுபடி ஆட்டுவார். டீசல் வாய் விளிம்புக்கு வந்து மினுங்கியதும் மூடியைத் திருகி, துண்டால் துடைத்து, ஓடும் தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்புவார். திரும்பி வந்ததும், சிமெண்டுத் தரையில் ஓடும் அதே விரிசலின்மேல் முன்சக்கரத்தை நிறுத்தி, அதே விளிம்புவரை நிரப்புவார். ஓடிய தூரத்தைக் குடித்த டீசலால் வகுத்தால் மைலேஜ்.

திருமங்கலத்தை ஒட்டி, உசிலம்பட்டி சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்கில் பில் போடுவது என் வேலை. வாரம் தவறாமல் அவர் எழுமலையிலிருந்து வருவார். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப். மனைவி அன்னக்கொடி இருந்தவரை லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி, அவர் போன பிறகு பத்துக்கும் பத்தரைக்கும் நடுவே கிடந்து தடுமாறியது.

"எங்கண்ணே போயிட்டு வாரீக?" என்று டீசல் போடும் முனீஸ்வரி அக்கா கேட்பாள்.

"எங்கயும் இல்லத்தா. மைலேஜ் பாக்கத்தேன்."

"மைலேஜ் பாக்குறேன்னு எரிக்கிற டீசலை மிச்சம் புடிச்சாலே வண்டி பன்னெண்டு குடுத்த கணக்குத்தேன்."

அவர் சிரிப்பார். சிரிப்பு முடிந்த பிறகும் உடனே வண்டியில் ஏற மாட்டார். காற்று அடிக்கும் இடத்தில் நின்று, ஏற்கனவே பார்த்த டயரை இன்னொரு முறை பார்ப்பார். வெயில் ஏறிய பகலில் வேறு வண்டி வராவிட்டால் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார். நான் அதிகம் பேசாதவன் என்பது அவருக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

"மகன் விக்கணுங்கிறான், மாப்ள. ஓசூர்ல இருந்துக்கிட்டு போன்லயே விக்கிறான். ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்புட்டு டீசல் குடிக்கிற வண்டிங்கிறான். பன்னெண்டு குடுத்துச்சுன்னா வச்சுக்கங்கன்னு சொல்லிருக்கான். பொங்கலுக்கு வாரான்."

பன்னிரண்டு வந்தால் வண்டி இருக்கும். வராவிட்டால் போய்விடும். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

அந்த வண்டியில் இடதுபக்க இருக்கையில் மடித்த துண்டு ஒன்று எப்போதும் கிடக்கும். வாங்கிய சாமான்களைப் பின்னால்தான் போடுவார்.

பங்கை ஒட்டி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பேச்சிமுத்து டீசல் ஃபில்டர் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தார். பிரேக் பிடித்து நிற்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். சக்கரத்தின் நடுவில் வட்டமாக ஒரு குமிழ், சேறு காய்ந்து மூடியிருந்தது. மேட்டிலும் ஓடை மணலிலும் ஏற வேண்டுமானால் அதை 'லாக்'கில் திருப்ப வேண்டும். அப்போதுதான் முன்சக்கரங்கள் இழுக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் 'ஃப்ரீ'யில் திருப்பிவிட வேண்டும். லாக்கிலேயே விட்டால் முன் அச்சும் சேர்ந்து வீணாகச் சுழன்று டீசலைத் தின்னும்.

"இதைத் துடைச்சுப் பாத்துருவமாண்ணே?"

"அதுல கை வைக்காத." உக்கிரபாண்டியின் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அது அன்னக்கொடி வேலை. அவ திருப்பாம வண்டியில ஏறுனதே இல்ல."

பேச்சிமுத்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று உக்கிரபாண்டி போகாமல் என் மேசைக்கு வந்தார். அதட்டியதற்குச் சமாதானம் சொல்வதுபோலப் பேசினார். மலையடிவாரத்தில் அவர்களுக்கு மாந்தோப்பு இருந்தது. போகும்போது ஓடைக்கு முன்னால் அன்னக்கொடி இறங்கி, இரண்டு சக்கரத்தையும் லாக்கில் போடுவார். திரும்பும்போது தார்ச்சாலை ஏறியதும் இறங்கி ஃப்ரீயில் போடுவார். தான் உட்காரும் இடதுபக்கம் முதலில். பிறகு வண்டிக்கு முன்னால் சுற்றி வலதுபக்கம். முடித்துத் திரும்பி வரும்போது பானட்டை இரண்டு தட்டுத் தட்டுவார்.

"எனக்கு அவ கொண்டை மட்டும்தான் தெரியும், இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசிக்குப் போகும். ஒருநாளும் நான் இறங்கிப் பாத்ததில்ல."

சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"கடைசியா தோப்புக்குப் போன அன்னைக்கு, திரும்பையில, எறங்குனா. மாங்கா வாங்குற ஆளு போன்ல கூப்புட்டான், பேசிக்கிட்டே இருந்தேன். தட்டுற சத்தத்தைக் காணோம். எறங்கிப் பாத்தா வண்டிக்கு முன்னாடி கெடக்கா. நான்தான் தூக்கி ஏத்துனேன். மதுரை வரைக்கும் மூச்சு இருந்துச்சு."

மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். குடித்துவிட்டு, "வாரேன் மாப்ள" என்று போனார். தோப்பைக் குத்தகைக்கு விட்டாயிற்றாம். அதன் பிறகு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே இல்லையாம்.

பொங்கலுக்கு மகன் பாண்டியராஜன் வந்தான். அப்பாவும் மகனும் நிரப்பிக்கொண்டு போய் மத்தியானம் திரும்பினார்கள். மகன் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தான். மடித்த துண்டு அவர் மடியில் இருந்தது. விரிசலின்மேல் நிறுத்தினார். ஆட்டினார். இந்த முறை காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். உள்ளே இன்னும் நுரை இருக்கக் கூடாதா என்பதுபோல நின்றார். மகன் போனில் வகுத்துப் பார்த்தான்.

"பத்தரைகூட வரலப்பா."

"ஏசி பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டோம்ல."

"அப்பா."

அவர் மூடியைத் திருகி, துண்டால் துடைத்தார். மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை.

தை முடிவதற்குள் திருப்பரங்குன்றத்து ஆள் ஒருவர் ஜீப்பை வாங்கிப் போனார். அதற்குப் பின் உக்கிரபாண்டியை ஒரே முறைதான் பார்த்தேன். உசிலம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம். இருவர் இருக்கையில் பக்கத்து இடம் காலியாக இருந்தது, அதில் துண்டைப் போட்டிருந்தார். இடம் பிடித்து வைத்தவர் மாதிரி. நான் கையைத் தூக்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

சித்திரையில் அந்த ஜீப் பங்குக்கு வந்தது. அதே விரிசலைத் தாண்டி நின்றது. புது உரிமையாளர் டீசல் போட்டுக்கொண்டே, வண்டி பன்னிரண்டு கொடுக்கிறது என்று முனீஸ்வரி அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நானாக எழுந்து போய் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தது அபூர்வம். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யல தம்பி. கழுவக் குடுத்தேன், சேறு போச்சு. பாத்தா இடது சக்கரம் ஃப்ரீல இருக்கு. வலது சக்கரம் மட்டும் லாக்குலயே கெடக்கு."